ஆளறிதலும் சொல்வழியும்

ஆளறிந்து பேச வேண்டும் என்பது நம் மக்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் உலகியல் நெறி. முன்கோபம் உள்ளவனிடம் ஒருவாறு பேசுகிறோம். நிதானம் உள்ளவனிடம் வேறொருவாறு பேசுகிறோம். கூச்சம் உடையவன் வாய் திறக்கும் வரை காத்திருக்கிறோம். திருவள்ளுவரும் பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரத்தையும், அதனை அடுத்துத் தெரிந்து வினையாடல் என மற்றோர் அதிகாரத்தையும் வகுத்தார். ஒருவனை ஆராய்ந்து தெளிவது முதற்படி. தெளிந்தபின் அவனுக்கு ஏற்ற வினையை அவனிடம் ஒப்படைப்பது அடுத்த படி.

இந்தப் பழைய நெறி இன்று அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் புதுக்கோலம் பூண்டு வருகிறது. ஊழியர் கையில் ஒரு வினாத்தாளைக் கொடுக்கிறார்கள். கூட்டத்தில் இருப்பது உமக்கு மகிழ்ச்சியா, தனிமை மகிழ்ச்சியா? விரைந்து முடிவு செய்பவரா, ஆறப்போட்டு முடிவு செய்பவரா? இவ்வாறு பல வினாக்கள். விடைகளைக் கூட்டிப் பார்த்து, இவர் இன்ன இயல்பினர் என்று வகைப்படுத்துகிறார்கள். ஒருவர் இயல்பை மற்றவர் அறிந்துகொண்டால் பேச்சிலே பிணக்கு நீங்கும், வேலையும் சீராக நடக்கும் என்பது இதன் நோக்கம். ஆளுமை அளவீடு என்று இதனை அழைக்கலாம்.

நோக்கம் நல்லதே. ஆயினும், இந்த அளவீடு எவ்வளவு தூரம் பயன்படும்? எந்த இடத்தில் அதன் பயன் நின்றுவிடும்? இவ்வினாக்களுக்கு விடை காண, நம் நாட்டின் பெரிய தொழிற்களங்களுள் ஒன்றாகிய தேயிலைத் தோட்டத்தை, அதிலும் ஊவா மாகாணத்துத் தோட்டங்களை, எடுத்துக்கொள்வோம். பதுளை மாவட்டத்திலே மீரியபெத்த என்னும் சிற்றூரின் கதை இவ்வினாவோடு நெருங்கிய தொடர்புடையது. அக்கதைக்கு வருமுன், அளவீட்டின் வரலாற்றையும் தோட்டத்தின் வரலாற்றையும் சிறிது பார்த்தல் வேண்டும்.

மனிதரை வகைப்படுத்தும் ஆசை மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் உடலில் நால்வகை நீர்மங்கள் உண்டென்றும், அவற்றுள் எது மிகுகிறதோ அதற்கேற்ப மனிதனின் இயல்பு அமையும் என்றும் கருதினர். நம் சித்த மருத்துவரும் வாதம், பித்தம், கபம் என மூன்றைச் சொல்லி, உடல்வாகோடு குணத்தையும் சேர்த்தே நோக்கினர். இவற்றை வினாத்தாளாக ஆக்கியது இருபதாம் நூற்றாண்டு. முதலாம் உலகப் போரின்போது, போர்முனையின் அதிர்ச்சியைத் தாங்க இயலாத வீரரை முன்கூட்டியே கண்டறிய, உட்வர்த் என்னும் அமெரிக்க உளவியலார் ஒரு வினாப் பட்டியலைத் தயாரித்தார். சுவிட்சர்லாந்து அறிஞர் கார்ல் யுங் 1921ஆம் ஆண்டு மனித இயல்பு வகைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அந்நூலை அடியொற்றி, கத்தரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மையர்ஸ் ஆகிய இருவரும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைத்த வினாத்தாளே இன்று உலகெங்கும் அலுவலகங்களில் வழங்குகிறது.

இவ்வரிசையில் நமக்கு முக்கியமானவர் வில்லியம் மார்ஸ்டன் என்பவர். அவர் 1928ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே மனிதர் நடத்தையை ஆதிக்கம், தூண்டல், பணிவு, இணக்கம் என நான்காகப் பகுத்தார். டிஸ்க் என இன்று வழங்கும் அளவீடு இப்பகுப்பிலிருந்து பிறந்ததே. ஆனால், மார்ஸ்டன் கூறியதில் ஒரு பகுதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். சூழல் தனக்குச் சாதகமா, பாதகமா என ஒருவன் கருதுகிறான். அச்சூழலை விடத் தான் வலியவனா, மெலியவனா எனவும் கருதுகிறான். இவ்விரு கருத்துக்கும் ஏற்பவே அவன் நடத்தை அமைகிறது என்பது அவர் கொள்கை. அஃதாவது, நடத்தை என்பது ஆளுக்குள் மட்டும் இருக்கும் ஒன்றன்று. ஆளுக்கும் அவன் நிற்கும் இடத்துக்கும் இடையே பிறப்பது. இக்கருத்தை நினைவில் நிறுத்திக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிப் பயிருக்காகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கண்டி மலைகளுக்கு வந்தனர். 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் பரவிக் கோப்பி அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஊவாவின் மலைச்சரிவுகளும் தேயிலைக் காடாயின. ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை, பசறை, கொஸ்லந்தை எனப் பரந்து கிடக்கும் இத்தோட்டங்களில் ஒரு சொல் எவ்வழியே சென்றது என்று பாருங்கள்.

உச்சியிலே பெரிய துரை. அவருக்குக் கீழே சின்னத் துரை. பின்னர்க் கணக்கப்பிள்ளை. அவருக்குப் பின் பெரிய கங்காணி. அவருக்கும் கீழே சில்லறைக் கங்காணி. எல்லாவற்றுக்கும் அடியிலே கொழுந்துக் கூடையும் மண்வெட்டியும் ஏந்திய ஆணும் பெண்ணும். விடியற்காலையில் தப்பொலி கேட்டதும் பெரட்டுக்களத்தில் கூட வேண்டும். இன்றைக்கு இன்ன மலையில் இன்ன வேலை என்ற கட்டளை அங்கே பிறக்கும். கட்டளை படிப்படியாகக் கீழே இறங்கிவரும். ஆனால் கீழிருந்து ஒரு சொல் மேலே ஏற வேண்டுமானால் அத்தனை படிகளையும் அதுவே ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் அதனைத் தடுத்து நிறுத்தலாம்; திரித்துக் கூறலாம்; மறந்தும் விடலாம்.

கங்காணி வெறும் மேற்பார்வையாளர் அல்லர். ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர் அவர். முன்பணம் கொடுத்தவர் அவர். பல வேளைகளில் தொழிலாளியின் உறவினரும் சாதித் தலைவரும் அவரே. துரைக்குத் தொழிலாளியின் வாயாகவும், தொழிலாளிக்குத் துரையின் காதாகவும் அவரே விளங்கினார். தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினாலும் அவன் வாய்ச்சொல் செல்லாது. இவன் கடனைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம் என எழுதிய ஒரு துண்டு அவனுக்காகப் பேச வேண்டும். துண்டு முறை என வழங்கிய இவ்வழக்கம் 1921ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது.

துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கும் கைந்நூல்களும் இக்காலத்தில் எழுந்தன. அவற்றுள் ஒன்றின் பெயரே "இங்கே வா" என்பது. சின்னத் துரைமாரின் சட்டைப்பையில் இருக்க வேண்டிய தமிழ் வழிகாட்டி என அது தன்னை அறிவித்துக்கொண்டது. 1915ஆம் ஆண்டு வெல்ஸ் என்பவர் எழுதிய மற்றொரு நூலின் பெயர் கூலித் தமிழ். இவ்விரு பெயர்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு மொழியைக் கற்பது அம்மொழி பேசுவோரோடு உரையாடுவதற்காக. இங்கேயோ மொழி, கட்டளையிடும் கருவியாக மட்டும் சுருங்கிற்று. "வாருங்கள்" என்பதற்கு அங்கே இடமில்லை. "வா" என்பதே போதுமானதாயிற்று.

அக்காலத்தும் ஆளுமை அளவீடு ஒன்று இருந்தது என்று கூறலாம். தோட்டத் தொழிலாளி பணிவானவன், குழந்தை போன்றவன், அதட்டினால்தான் வேலை செய்வான் என்று பலர் எண்ணினர், எழுதியும் வைத்தனர். அளந்தவர் ஒரு பக்கத்தவர், அளக்கப்பட்டவர் மறுபக்கத்தவர். துரையின் இயல்பு யாது என்று தொழிலாளியை எவரும் கேட்டதில்லை. தொழிலாளியோ அதனைத் தன் பாட்டில் வைத்தான். நேரே சொல்ல இயலாததைக் கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் பாடித் தீர்த்தான். கங்காணியின் கெடுபிடியும் கணக்கப்பிள்ளையின் கணக்கும் அம்மக்களின் நாட்டார் பாடல்களில் பதிந்து கிடக்கின்றன. அப்பாடல்களைப் பிற்காலத்தில் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. சொல்லுக்கு மேலே செல்ல வழியில்லாதபோது அது பாட்டாகி அங்கேயே சுழன்றது.

வழி ஒன்றை வெட்ட முயன்றவர் கோ. நடேசய்யர். பத்திரிகையாளராகிய அவர் 1931ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் ஒன்றைத் தொடங்கினார். கங்காணியின் வாயை நம்பாது, தொழிலாளி தன் குறையைத் தன் சங்கத்தின் வாயிலாகக் கூறலாம் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றியது. 1935ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டமும், 1939ஆம் ஆண்டு இலங்கை இந்தியக் காங்கிரஸும் பின்தொடர்ந்தன.

இதற்கு மறு ஆண்டில், பதுளைப் பகுதியிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் நிகழ்ந்தது நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. 1940ஆம் ஆண்டு ஊவாவில் பரவிய வேலைநிறுத்த அலையின் நடுவே, அத்தோட்டத் தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். தோட்டத் துரையும் அச்சபையைக் கலந்தாலோசித்து நடக்க இணங்கினார். அமைதியை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர் என்பதும் வரலாறு. பின்னர்ப் பொலிசாரின் கடும் நடவடிக்கையும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேலாகப் பிற பகுதிகளினின்று துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அந்த அலையை அடக்கின. சபையும் நீடிக்கவில்லை.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. பிறவியிலேயே பணிவானவர் என்று அளக்கப்பட்ட அதே மக்களே சபை அமைத்தார்கள், பேசினார்கள், எதிர்த்தும் நின்றார்கள். அவர்கள் இயல்பு ஓரிரவில் மாறிவிட்டதா? இல்லை. அவர்கள் நின்ற இடம் மாறிற்று. மார்ஸ்டன் கூறிய உண்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? பெரட்டுக்களத்தில் தலைகுனிந்து நிற்கும் பெண்மணி தன் வீட்டிலே ஐவரை ஆண்டு நடத்துகிறாள். அவள் பணிவானவளா, ஆளுந்திறன் உடையவளா? எந்த இடத்தில் வைத்து அளந்தீர் என்பதைப் பொறுத்தது விடை.

கடல் கடந்த ஒரு தொழிற்சாலையும் இதே பாடத்தைக் கற்றது. அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கு அருகே ஹோதோர்ண் என்னும் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆராய்ச்சி நடைபெற்றது. 1928 முதல் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியரை நேரிற் கண்டு பேசினர். முதலில் ஆராய்ச்சியாளர் தாம் வகுத்த வினாக்களையே கேட்டனர். ஊழியரோ வினாவை விட்டு, தம் மனத்தில் இருந்ததையே பேசினர். எனவே வினாக்களைக் கைவிட்டு, பேசவிட்டுக் கேட்கும் முறைக்கு அவர்கள் மாறினர். மனிதனை அளப்பதைவிட அவன் சொல்வதைக் கேட்பது அதிகம் தெரிவிக்கும் என்பது அங்கே புலனாயிற்று.

மீண்டும் நம் மலைகளுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் போயிற்று. தோட்டத்துக்கு வெளியே, அரசாங்கத்தின் காதுக்குச் செல்லக்கூடிய வழியும் அடைபட்டது. அவ்வழி முழுவதும் திறக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாயிற்று. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடையவர் மாறினர். ஆனால், மேலிருந்து கீழே இறங்கும் அந்தப் படிவரிசை பெரிதும் மாறவில்லை. லயமும் அது நிற்கும் மண்ணும் அங்கே வாழ்பவருக்குச் சொந்தமாகவும் இல்லை.

இந்நிலையிலேதான் மீரியபெத்தவின் கதை வருகிறது. ஹல்துமுல்லைப் பிரதேசச் செயலகப் பிரிவில், கொஸ்லந்தைக்கு அருகே, மலைச்சரிவின் கீழே அமைந்த லயங்கள் அவை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை ஏழரை மணியளவில், பல நாள் மழையில் ஊறிய மலை சரிந்து அக்குடியிருப்பின் மீது விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலருடைய உடல்கள் மீட்கப்படவே இல்லை. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் பிழைத்தனர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு நின்ற இடத்தில் சேறு நின்றது.

அவ்விடம் ஆபத்தானது என்பது முன்னரே தெரியாததன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் அதனை ஆராய்ந்து, மக்களை அங்கிருந்து குடிபெயர்க்க வேண்டும் என எச்சரித்திருந்தது. ஆகவே சொல் பிறந்தது உண்மை. அப்படியானால் அது எங்கே தங்கிற்று?

ஒரு சொல் பயன்பட மூன்று வேண்டும். முதலாவது, அது உரியவரைச் சேர வேண்டும். இரண்டாவது, சேர்ந்த சொல் அவருக்கு விளங்க வேண்டும். மூன்றாவது, விளங்கியதைச் செய்ய அவருக்கு வகை இருக்க வேண்டும். வகையில்லையேல் "எனக்கு வகையில்லை" என்று திருப்பிச் சொல்ல இடமாவது இருக்க வேண்டும். ஆளுமை அளவீடு இம்மூன்றில் இரண்டாவதற்கே பெரிதும் உதவும். இன்னாரிடம் சுருக்கமாகச் சொல், இன்னாரிடம் விளக்கிச் சொல், இன்னாரிடம் பொறுமையாகச் சொல் என்று அது வழிகாட்டும். முதலாவதையும் மூன்றாவதையும் அதனால் தர இயலாது.

"இவ்விடத்தை விட்டுப் போங்கள்" என்று ஒரு குடும்பத்திடம் சொல்லலாம். கடுமையாகவும் சொல்லலாம், கனிவாகவும் சொல்லலாம். அக்குடும்பத்துக்குத் தோட்டத்து லயத்தைத் தவிர வேறு கூரை இல்லை. வேறு நிலமும் இல்லை. எங்கே போவது என்ற வினா உடனே எழும். அந்த வினா மேலே ஏறி, விடையோடு கீழே இறங்கினாலன்றி எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. அது வெறும் அறிவிப்பாகவே நின்றுவிடும். அழிவு நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2016ஆம் ஆண்டு, மாகல்தெனியவிலே புதிய வீடுகள் கட்டி அம்மக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. மண்ணும் வீடும் கொடுக்க இயலும் என்பது அப்போது தெரிந்தது. அந்த விடை பத்தாண்டு முன்னதாகக் கிடைத்திருப்பின் என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

இதனால் அளவீடுகள் வேண்டாம் என்பது கருத்தன்று. அவற்றை உரிய இடத்தில் வைத்துப் பயன்கொள்ள வேண்டும் என்பதே கருத்து. சில வாரம் கழித்து அதே வினாத்தாளுக்கு மீண்டும் விடையளிப்பவர் பலர் வேறு வகையினராகக் காணப்படுகின்றனர் என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். ஆளை வேலைக்குத் தேர்ந்தெடுக்க இதனைப் பயன்படுத்தக் கூடாது என்பதை மையர்ஸ் பிரிக்ஸ் வினாத்தாளை நடத்துவோரே வலியுறுத்துகின்றனர். ஆதலால் ஒருவர் மேல் நிரந்தர முத்திரை குத்த இது உதவாது.

வேறொன்றுக்கு உதவும். மேலே இருப்பவர் தம்மைத் தாமே அளந்துகொள்ள உதவும். நான் அவசரப்பட்டுப் பேசுபவனா? எதிரே நிற்பவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்னே குறுக்கிடுபவனா? என் குரல் கேட்டதும் பேச வந்தவர் வாயடைத்து நிற்கிறாரா? தோட்ட அதிகாரியும், அலுவலகத் தலைவரும், பாடசாலை அதிபரும் இவ்வினாக்களைத் தம்மிடமே கேட்டுப் பார்க்கட்டும். கூட்டத்தின் நடுவே வாய் திறவாத பெண் தொழிலாளி, கொழுந்து நிறுக்கும் இடத்திலே தனியாக நிற்கும்போது, தன் லயத்துச் சுவரில் வெடிப்பு விழுந்திருப்பதைச் சொல்லக்கூடும். மலையில் புதிதாக ஊற்றுக் கிளம்பியதையும், தெளிந்த ஓடை கலங்கி ஓடுவதையும், மரம் சாய்ந்து நிற்பதையும் எவருக்கும் முன்னே காண்பவர் அவரே. மண்சரிவுக்கு முன்னறிகுறிகள் இவையே. அவருடைய இயல்பறிந்து, அவர் பேசக்கூடிய இடத்தில் அவரைப் பேசவிட்டுக் கேட்பவரே ஆளறிந்தவர்.

கேட்ட பின்னரும் ஒரு கடமை உண்டு. கேட்டதை எழுதி வைத்தல் வேண்டும். யார் சொன்னார், என்று சொன்னார், அதற்கு விடை யார் தருவார், எந்நாளுக்குள் தருவார் என்பன அவ்வேட்டில் இருத்தல் வேண்டும். சொன்னவர் அவ்வேட்டைப் பார்க்கவும் இயல வேண்டும். தமிழில் சொன்னவருக்குத் தமிழிலேயே விடை கிடைக்க வேண்டும். இத்தனைக்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

நேயர்களே, "இங்கே வா" என்ற கைந்நூலோடு தோட்டத்திலே பேச்சின் கதை தொடங்கிற்று. அச்சொல் கீழிருப்பவரை மேலிருப்பவரிடம் வரச் சொல்லும் சொல். இன்று வேண்டியது அதன் மறுபக்கம். மேலிருப்பவர் லயத்து வாசல் வரை நடந்து சென்று, "என்ன நடக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்ட சொல்லுக்கு விடையோடு மறுபடியும் அதே வாசலுக்கு அவர் வர வேண்டும். அந்த இரண்டாம் வருகை நிகழும் இடத்தில் ஆளுமை அளவீடும் பயன் தரும்; மலை சரியும் முன்னே மக்களும் வீடு மாறியிருப்பர்.